இளம் கோல்ஃப் வீரர்களுக்கான அமெச்சூர் விதி வகுப்பு: என் மதிப்பீடு

மகள் போட்டிகளில் ஆடத் தொடங்கியதால், அமெச்சூர் தகுதி (தொழில்முறை அல்லாத வீரராக ஆடும் தகுதி) குறித்த இணையவழி வகுப்பு ஒன்றில் கட்டணம் செலுத்திச் சேர்ந்தேன். குடும்பத்தாரைத் தவிரப் பிறர் பயணச் செலவையும் தங்கும் செலவையும் ஏற்றால் தகுதி போய்விடும் என்று எச்சரித்த பக்கம் பழைய விதியைச் சொன்னது. கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ ஆகிய அமைப்புகள் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்திய திருத்தத்தில், செலவுத்தொகைக்கும் விளம்பர ஆதரவுக்கும் இருந்த தடைகள் நீங்கிவிட்டன. இதைச் சுட்டிக்காட்டிய பிறகும் அப்பக்கம் மாற்றப்படவில்லை.

பரிசு பற்றிய பகுதி மட்டும் தெளிவாக இருந்தது: ஸ்கிராட்ச் போட்டியில் (வீரரின் திறனுக்கேற்ற அடிச்சலுகை இல்லாதது) 700 பவுண்டு அல்லது 1,000 டாலர் வரை ரொக்கமாகவே பெறலாம், ஹேண்டிகேப் போட்டியில் (அந்தச் சலுகை உள்ளது) ரொக்கம் அறவே கூடாது என்பதை, ஒரே கோப்பைக்கு இரு வகைப் பரிசு அறிவித்த மாதிரிச் சுற்றறிக்கையை வரிவரியாகப் படித்து விளக்கினார்கள் (கொடுத்த கட்டணம் இதற்கே தகும்). கூலி வாங்கிப் பயிற்சியளித்தால் பொதுவாகத் தகுதி போய்விடும் என்பதோ ஒரே வரியில் முடிந்துவிட்டது.