கைட் கமெரா: மூன்று வருடம், இரண்டு திருத்தம்

போன கிழமை என் கைட் கமெரா இரண்டாவது தடவையாகத் திருத்தத்துக்குப் போய் வந்தது. வானத்தைப் படமெடுக்கும்போது ஒரு நட்சத்திரத்தைக் கவனித்துக்கொண்டே இருந்து, தொலைநோக்கி விலகாமல் மவுண்டை, அதாவது அதைத் தாங்கி வானத்தோடு சேர்த்துச் சுழற்றும் தாங்கியை, திருத்த உதவும் சின்னக் கமெரா இது. அந்த வேலைக்குக் கைடிங் என்று பெயர். அதே நாளில் மூதூரிலிருந்து ஒரு தம்பி, "அண்ணா, நீங்கள் வைத்திருக்கிற கமெரா விலை இறங்கியிருக்கு, எடுக்கலாமா?" என்று கேட்டிருந்தார். அவருக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டது.

1.25 அங்குலக் குழாய்க்குள் அப்படியே நுழைகிற சின்னக் கறுப்பு வெள்ளைக் கமெரா. 1280 × 960, ஒரு பிக்சல் 3.75 மைக்ரோன். இந்த வகையைத் தெரியாதவர்கள் குறைவு, ஆகவே விவரப் பட்டியலுக்குள் போகவில்லை. கம்பனிப் பெயரும் வேண்டாம். நான் சொல்லும் குறை என் கையில் இருக்கும் ஒன்றின் குறை.

முதலில் அது செய்த நன்மை. திருகோணமலை ஏறத்தாழ 8.6 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. அப்படியென்றால் துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய அவ்வளவு உயரத்தில்தான். உப்புவெளியில் எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் பனைமரங்கள், அதற்கு அப்பால் கடற்கரையின் மங்கல். மவுண்டின் சுழலும் அச்சை வானத் துருவத்துக்கு நேராக்க அந்த நட்சத்திரம்தான் வழக்கமான அடையாளம். மவுண்டோடு வந்த துருவத் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக் குனிந்து குனிந்து முதல் வருடம் முழுக்க முதுகு நோகத் தேடினேன். நல்ல இரவுகளிலும் நாலில் ஒரு நாள்தான் நட்சத்திரம் அகப்படும். கைட் கமெரா வந்த பிறகு நினா என்ற வானப் படமெடுப்பு மென்பொருளின் மூன்று புள்ளி முறையைப் பிடித்தேன். வானத்தில் எங்கே திறப்பு இருக்கிறதோ அங்கே கமெராவைத் திருப்பி, மவுண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி மூன்று படம் எடுத்தால் போதும். எந்த நட்சத்திரங்கள் தெரிகின்றன என்று மென்பொருள் படத்திலேயே கண்டுபிடித்து, அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லிவிடும். துருவ நட்சத்திரம் தேவையே இல்லை. பத்து நிமிட வேலை. முதல் தடவை அது சரியாக வந்தபோது இரவு 11 மணிக்கு மனைவியை எழுப்பிக் காட்டினேன்.

கைடிங்கும் நன்று. 120 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள சின்னக் கைட் ஸ்கோப்பில், அதாவது இந்தக் கமெராவைப் பூட்டும் துணைத் தொலைநோக்கியில், ஒரு பிக்சலுக்கு 6.4 வில்செக்கன் வருகிறது (ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு ஒரு வில்செக்கன்). பெரிய இலக்கம்தான், ஆனால் கைடிங் செய்யும் பிஎச்டி2 மென்பொருள் நட்சத்திரத்தின் மையத்தைப் பிக்சலின் சிறு பங்குவரை கணக்கிடும், ஆகவே 400 மில்லிமீற்றர் தொலைநோக்கிக்கு அது போதும். கறுப்பு வெள்ளை என்பதால் மங்கலான நட்சத்திரத்தையும் பிடிக்கிறது. மூன்று வருடத்தில் கைட் செய்ய நட்சத்திரம் கிடைக்காமல் நின்றது ஒருநாளும் இல்லை. கச்சான் காற்று அடிக்கும் இரவுகளில் கைடிங் பிழையைக் காட்டும் வரைகோடு துள்ளும். அதற்குக் கமெராவைக் குறை சொல்ல முடியாது.

இனி அந்த யூஎஸ்பி துளை. கேபிள் பின்பக்கம் நேராகச் செருகப்படுகிறது, பிடித்துக்கொள்ளத் திருகாணியோ கொக்கியோ கிடையாது. மவுண்ட் திரும்பத் திரும்பக் கேபிளின் பாரம் முழுவதும் அந்தச் சின்னத் துளையில் தொங்குகிறது. எட்டாவது மாதமே ஆடத் தொடங்கியது. ஆடினால் கமெராவின் கணினித் தொடர்பு துண்டிக்கும், துண்டித்தால் கைடிங் நிற்கும், நட்சத்திரங்கள் கோடாகும்.

இந்த ஏப்பிரலில் கரைனா நெபுலா என்ற தென்வான ஒளிமுகிலுக்காகக் காத்திருந்தேன். அது எங்களுக்குத் தெற்கே உச்சத்திலும் 22 பாகைக்கு மேலே ஏறாது. நகர வெளிச்சத்துக்கு மேலே தெளிவாகக் கிடைப்பது சில மணித்தியாலங்கள்தான். 8 மணிக்குத் தொடங்கினேன். 9 மணி கடந்து, அது மிக உயரத்தில் நின்ற நேரத்தில், கமெரா துண்டித்தது. நான் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மேலே வந்து பார்த்தால் மூன்று நிமிடப் படங்கள் பதினான்கு வீண். அதற்கடுத்த அமாவாசைக்கு முகில். இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். இதை எழுதும்போதும் கோபம் வருகிறது.

நியாயமாகச் சொன்னால் உப்புக்காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. திருத்திய போன் கடைத் தம்பி துளைக்குள் பச்சை பூத்திருந்ததைக் காட்டினார். நானும் தொடக்கத்தில் இரண்டு மீற்றர் பாரக் கேபிளைத் தொங்கவிட்டேன், அது என் பிழை. ஆனால் என் போனும் அதே மாடியில், அதே காற்றில் நாலு வருடமாகக் கிடக்கிறது. அதன் துளை ஆடவில்லை. இரவு முழுக்க அசைந்துகொண்டே இருக்கப் போகிற கருவி என்று தெரிந்தே செய்தவர்கள் இதை யோசித்திருக்க வேண்டாமா?

இப்போது அரை மீற்றர் மெல்லிய கேபிள், அதைக் கைட் ஸ்கோப்பின் குழாயோடு ஒட்டுப்பட்டியால் கட்டி, துளையருகில் சின்ன வளைவு விட்டிருக்கிறேன். வேலை முடிந்ததும் சிலிக்கா பைகளோடு மூடிய டப்பாவுக்குள் போகிறது. இப்படிச் செய்து ஆறு இரவு ஆகிறது, ஒருமுறையும் துண்டிக்கவில்லை.

ஆகவே தம்பி, விலை இறங்கினாலும் இதை வாங்காதீர்கள். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை, கேபிளைத் திருகிப் பூட்டக்கூடிய ஒன்றைத் தேடுங்கள். அதுவரை அடுத்த அமாவாசைக்கு இங்கே வாருங்கள், என்னுடையதைக் கொண்டுபோய் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். கட்டியிருக்கிற கேபிளை மட்டும் கழற்ற வேண்டாம்.