அத்லெட்டிக் ட்ரெயினிங் மாஸ்டர்ஸ் சேரப்போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்: 3,400 டாலர் போய்விட்டது

என் தங்கைக்கு மாஸ்டர்ஸ் சீட் வாங்கித் தருவதாகப் பணம் வாங்கிய ஆலோசனைச் சேவையிடமிருந்து நேற்று இரவு பதில் வந்தது. "சேவை முழுமையாக வழங்கப்பட்டுவிட்டது, பணத்தைத் திருப்பித் தர இயலாது." அவ்வளவுதான். 3,400 டாலருக்கு ஒரே வரி. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிய பிறகு எழுதினால் பாதி விஷயம் விட்டுப்போகும்.

என் தங்கை அமெரிக்காவில் எக்சர்சைஸ் சயன்ஸ் இளங்கலையின் கடைசி ஆண்டில் இருக்கிறாள். அத்லெட்டிக் ட்ரெயினர் ஆக வேண்டும் என்பது அவளது பல நாள் ஆசை. ஜிம்மில் எடை தூக்கச் சொல்லித்தரும் வேலை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது வேறு. ஆட்டத்தின் நடுவே ஒரு பிள்ளை சுருண்டு விழுந்தால் முதலில் ஓடுகிறவர், தலையில் அடிபட்டவரை மறுபடி களத்துக்குள் விடலாமா என்று பார்க்கிறவர், முட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு திரும்ப ஓடவைக்கிறவர் இவர்தான். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1990லேயே இதை மருத்துவம் சார்ந்த துறையாக ஏற்றுக்கொண்டது. முன்பு இளங்கலை போதும். இப்போது தொழிலுக்குள் நுழைவதற்கே முதுகலை வேண்டும். 2022 இலையுதிர்ப் பருவத்துக்குப் பிறகு இளங்கலை நிலையில் புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை. ஆக, மாஸ்டர்ஸ் கிடைக்காவிட்டால் வழியே இல்லை என்ற பதற்றம் பிள்ளைகளுக்கு இருக்கிறது. இவர்கள் காசு பார்ப்பது அந்தப் பதற்றத்தில்தான்.

ஆன்லைனில் இயங்கும் ஒரு சேர்க்கை ஆலோசனைச் சேவை அது. வீடியோ அழைப்பில் வந்த பெண் நல்ல தமிழில் பேசினார். "அண்ணா, உங்க தங்கச்சி எனக்கும் தங்கச்சி மாதிரிதான். சீட் வாங்கித் தர்றது என் பொறுப்பு" என்றார். வேதியியல், இயற்பியல், உடற்கூறியல் எல்லாம் முடித்துவிட்டாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். படிப்புக்கு முறையான அங்கீகாரம் இருக்கிறதா என்று நானும் கேட்டேன். உடனே திரையைப் பகிர்ந்து பல்கலைக்கழகத்தின் அங்கீகாரச் சான்றிதழைக் காட்டினார். கண் முன்னால் முத்திரையோடு இருந்தது. நம்பினோம். விண்ணப்ப உதவிக்கு 900, சீட்டை உறுதிசெய்ய 2,500, ஆக மொத்தம் 3,400 டாலர். கார்டு வேண்டாம், வங்கியிலிருந்து நேராக அனுப்பிவிடுங்கள், சீக்கிரம் சேரும் என்றார். அனுப்பினோம்.

அவர் காட்டிய சான்றிதழ் பொய்யில்லை. கொடுமையே அதுதான். அது பல்கலைக்கழகம் முழுவதற்குமான அங்கீகாரம். அத்லெட்டிக் ட்ரெயினிங் படிப்புக்குத் தனியாக சிஏஏடிஇ (CAATE) என்ற அமைப்பின் அங்கீகாரம் வேண்டும். அமெரிக்காவில் படிக்கிறவர்கள் அப்படி அங்கீகாரம் பெற்ற தொழில்முறைப் படிப்பின் வழியாக வந்தால்தான், ட்ரெயினர்களுக்கான பிஓசி (BOC) சான்றிதழ்த் தேர்வு எழுத முடியும். பிஓசி இல்லாமல் பெரும்பாலான மாநிலங்களில் லைசன்ஸ் கிடையாது. அவர்கள் வாங்கிக்கொடுத்த இடமோ விளையாட்டு அறிவியல் சார்ந்த ஒரு ஆன்லைன் முதுகலை. மருத்துவக் களப்பயிற்சி என்று அதில் ஒன்றுமே இல்லை. தங்கையின் கல்லூரி அணியில் வேலை பார்க்கும் ட்ரெயினர் படிப்பின் பெயரைக் கேட்டதுமே, "சிஏஏடிஇ பட்டியலில் பார்த்தாயா?" என்றார். பட்டியலில் இல்லை.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில், "பட்டியல் இன்னும் புதுப்பிக்கப்படவில்லை அண்ணா." பிறகு, "விண்ணப்பித்திருக்கிறார்கள், அவள் முடிப்பதற்குள் வந்துவிடும்." வராவிட்டால் இரண்டு வருடப் படிப்புக்கு யார் பொறுப்பு என்று கேட்டேன். "எங்கள் மாணவர்கள் பிஓசி எழுதியிருக்கிறார்களே" என்றார். ஒரே ஒருவரோடு பேசவையுங்கள் என்றேன். பதில் இல்லை. அடுத்து வேறொருவர் வந்தார். "கலிஃபோர்னியாவில் லைசன்ஸே தேவையில்லை, அங்கே போகலாமே" என்று சாவகாசமாகச் சொன்னார். அந்த மாநிலத்தில் லைசன்ஸ் சட்டம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் வேலை கொடுக்கிறவர்கள் பிஓசி கேட்கிறார்களே! ஒரு மாநிலத்தின் ஓட்டையைக் காட்டி ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள்.

இதைவிட மோசம், அந்த 2,500. பல்கலைக்கழகத்துக்கே போன் செய்து கேட்டோம். முன்பணம் எதுவும் வரவில்லை, இடைத்தரகர் வழியாக நாங்கள் வாங்குவதும் இல்லை என்றார்கள். இதைச் சொன்னதும் அந்தப் பெண் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். தங்கச்சி மாதிரி என்றவர்! அதற்குப் பிறகு வந்ததுதான் நேற்றைய அந்த ஒற்றை வரி. வங்கியில் கேட்டால், நீங்களே ஒப்புதல் கொடுத்து அனுப்பிய பணம், மீட்பது கடினம் என்கிறார்கள். 3,400 டாலர் அவள் பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்தது. எனக்கு அதுதான் ஆறவில்லை.

விண்ணப்பிப்பது எப்படி என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் பாருங்கள்.

சிஏஏடிஇ தளத்தின் பட்டியலில் படிப்பின் பெயரை நீங்களே தேடுங்கள். யாராவது திரையில் காட்டுவது கணக்கில் சேராது. "விண்ணப்பித்திருக்கிறோம்" என்பதும் அங்கீகாரம் ஆகாது.

"தொழில்முறைப் படிப்பு" என்று இருக்க வேண்டும். ஏற்கெனவே சான்றிதழ் பெற்றவர்களுக்கான மேற்படிப்பும் கிட்டத்தட்ட இதே பெயரில் வரும், குழம்பாதீர்கள்.

பிஓசி முதல் முயற்சித் தேர்ச்சி விகிதத்தைப் படிப்பின் பக்கத்திலேயே வெளியிட வேண்டும். மூன்று ஆண்டுகளைச் சேர்த்து 70 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி. அது கண்ணில் படாவிட்டால் கிளம்பிவிடுங்கள்.

முன்பணத்தைப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் நேராகக் கட்டுங்கள், முடிந்தால் கிரெடிட் கார்டில்.

அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையத்துக்கும் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கும் இன்று புகார் அனுப்புகிறோம். இதே மாதிரி ஆட்களிடம் பணம் கட்டியவர்கள் இருந்தால், ரசீதையும் உரையாடல்களையும் அழிக்காமல் எடுத்துவைத்து நீங்களும் புகார் கொடுங்கள்.