ஏதென்ஸ்: பழைய நான்கு குலங்களா, கிளைஸ்தனிஸின் பத்தா?

கிரேக்க நகர அரசான ஏதென்ஸில் பழைய காலத்தில் குடிமக்கள் நான்கு அயோனியக் குலங்களாக (அயோனியர் கிரேக்கரில் ஒரு பிரிவினர்) இருந்தார்கள். பிறப்புதான் அடையாளம், பெரிய குடும்பங்களின் செல்வாக்கு ஓங்கியிருந்தது.

கி.மு. 508 வாக்கில் ஏதென்ஸ் அரசியல் தலைவர் கிளைஸ்தனிஸ் அமைத்த பத்துக் குலங்கள் வேறு மாதிரி. ஒவ்வொன்றிலும் நகரம், கடற்கரை, உள்நாடு என மூன்று பகுதி ஊர்களையும் கலந்துவிட்டார். எங்கெங்கோ இருந்தவர்கள் ஒரே படைப்பிரிவில் தோளோடு தோள் நின்றார்கள். குலத்துக்கு 50 பேர் வீதம் 500 பேர் கொண்ட மன்றம். பின்னாளில் ஒவ்வொரு குலத்தின் ஐம்பதின்மரும் முறைவைத்து அன்றாட நிர்வாகத்தையும் பார்த்தார்கள்.

என் ஓட்டு பத்துக்குத்தான். ஒரு வட்டாரத்துப் பிரபு தன் ஆட்களை மட்டும் திரட்டி நகரை மிரட்டுவது கடினமானது. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இரண்டிலும் இடமில்லை என்பது பெரிய குறை. குடிமக்களை அவரவர் ஊரில் பதிந்த ஊர்ப்பதிவும் அப்புறம் தந்தைவழியாகவே தொடர்ந்தது. இடம் மாறிப்போனாலும் பழைய ஊர்க்காரர்தான்.