மீன் தொட்டிக்கு ரியூப் லைற்: வெள்ளவத்தையில் ஏழு வருடம்

எங்கள் தொடர்மாடி வீட்டின் வரவேற்பறை யன்னல் கடலைப் பார்த்தது. அதற்குப் பக்கத்துச் சுவரோடு இரண்டரை அடித் தொட்டி, 85 லீற்றர் அளவு. உள்ளே கிரிப்டோகொரைன் வென்டி செடிகளும் ஒரு டசின் செரி பார்பும். செடி, மீன் இரண்டுமே இலங்கைக்கு உரியவை. இரண்டரை அடி வாங்கியதே லைற்றை நினைத்துத்தான். 18 வாற் ரி8 ரியூப் (ஒரு அங்குலத் தடிப்புள்ள வழக்கமான ரியூப்) கிட்டத்தட்ட 60 சென்ரிமீற்றர் நீளம். இரு முனைக்கும் சொக்கற் போட்டால் இரண்டடி மூடிக்குள் அடங்காது.

முதலில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் மலிவாகக் கிடைத்த இரண்டைப் போட்டேன். மீன்கள் காய்ச்சல் வந்ததுபோல் வெளிறித் தெரிந்தன. ரியூப்பில் 765 என்று இருந்தது. அந்த எண்ணை வாசிக்கப் பழகியது பிறகுதான். முதல் இலக்கம், நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதற்கு: 7 என்றால் நூற்றுக்கு எழுபதுகளில், 8 என்றால் எண்பதுகளில். மற்ற இரண்டும் வெளிச்சத்தின் நிறம். 65 என்றால் 6500 கெல்வின், பகல் வெளிச்சம். 865 மாட்டிய அன்று இரவு ஆண் பார்பின் சிவப்பைப் பார்த்துவிட்டு, "புது மீன் வாங்கினீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

ஒரு வருடம் தாண்டியதும் செடிகள் சோம்பிவிட்டன. உரம், மண், தண்ணீர் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், ரியூப்பை மட்டும் விட்டுவிட்டேன். எரிகிறதே! உள்பூச்சு மெல்ல மெல்லத் தேய்வதைக் கண் பிடிக்காது. ஒரு பக்கத்தில் புது ரியூப்பை மாட்டியபோதுதான் தெரிந்தது: பழையது முனை கறுத்து, மங்கலாய், குளியலறை லைற் மாதிரி நின்றது. சரி என்று மற்றதையும் அன்றே மாற்றினேன். அது பிழை. ஒரு கிழமைக்குள் கிரிப்டோ இலைகள் கண்ணாடிபோலாகிக் கரைந்தன. அந்தச் செடிக்குத் திடீர் மாற்றம் ஆகாது. வேர் இருந்ததால் மறுபடி துளிர்த்தது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒன்றாக, கலண்டரில் குறித்து வைத்து மாற்றுகிறேன்.

இடையில் ஒருமுறை ரி5 செற் ஒன்றும் போட்டுப் பார்த்தேன். மெல்லிய ரியூப், 24 வாற், நல்ல வெளிச்சம். ரி8 25 பாகை சூட்டில் நன்றாக எரியும், ரி5க்கு 35 வேண்டும். கொழும்பு வெக்கையில் மூடிய மூடிக்குள் அது பொருத்தம்தான். ஆனால் கடற்காற்றில் அதன் எலெக்ரோனிக் பலாஸ்ற் (சோக்கின் வேலையைச் செய்யும் பெட்டி) இரண்டு வருடத்தில் இரண்டு தரம் போனது. பழைய சோக்கும் ஸ்டார்ட்டரும் என்றால் மூலைக்கடையிலேயே கிடைக்கும். திரும்பி வந்துவிட்டேன். சோக்கை மட்டும் மூடிக்கு வெளியே வைத்தேன், அந்தச் சூடு தண்ணீருக்கு வேண்டாம்.

ஸ்டார்ட்டர் பழுதாகி லைற் துடித்தால் மீன்கள் மிரண்டு கண்ணாடியில் மோதும். அதை உடனே மாற்றிவிடுங்கள். முனைகளுக்குத் தண்ணீர் புகாத மூடியும் முக்கியம். ஒருநாள் பாசி சுரண்டும்போது கையில் சுரீர் என்றது. ட்ரிப் சுவிட்ச் விழுந்ததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அன்றிலிருந்து பிளக்கைக் கழற்றாமல் தண்ணீரில் கை வைப்பதில்லை.

பாசிக்கு ரியூப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன். உண்மையான குற்றவாளி மேற்கு யன்னல் வழியே விழுந்த நாலு மணி வெயில். திரை போட்டு, ரைமரைப் பத்து மணித்தியாலத்திலிருந்து ஏழாகக் குறைத்ததும் அடங்கியது. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்களில் லைற்றைப் பற்றி நினைக்கவே இல்லை, காற்றுப் பம்புக்குப் பற்றரி தேடி அலைந்ததுதான் மிச்சம். செடிகள் அசையவில்லை.

இப்போது எல்லோரும் எல்ஈடிக்குப் போய்விட்டார்கள். கரண்ட் பில்லைப் பார்த்தால் அவர்கள் சொல்வது நியாயம். ரியூப்பில் பாதரசமும் இருக்கிறது. 2023இல், பாதரசப் பாவனையைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் கூடி, 2027க்குள் இவற்றின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் நிறுத்துவதாக முடிவெடுத்துவிட்டன. ஆனாலும் ஒரே சீராய், நிழல் விழாமல் பரவும் அந்த வெளிச்சத்தை விட மனம் வரவில்லை. அலுமாரி மேல் பழைய வேட்டியில் சுற்றி 865 நாலு வைத்திருக்கிறேன். இரண்டு வருடம் ஓடும்.