பதினேழாவது மாடியில் இரண்டு வருஷம்: மூன்று ஸ்டார்தான் போடுவேன்

வீடு பிடித்துக் கொடுத்த புரோக்கர் தம்பி, "அஞ்சு ஸ்டார் போட்டு ரெண்டு வரி எழுதிடுங்கம்மா" என்று மூன்று தடவை போன் செய்துவிட்டார். ஐந்து போட மனசு வரவில்லை. ரெண்டு வரியில் அடங்கவும் அடங்காது. மூன்று போட்டிருக்கிறேன். கட்டியவர் பெயரையும் வளாகத்தின் பெயரையும் எழுதப் போவதில்லை. சென்னை ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) சோழிங்கநல்லூர் பக்கம் வரிசையாக நிற்கிற இருபது மாடிகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாமே அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கின்றன.

என் சாய்வையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ராஜாஜி சாலை ஜி.பி.ஓ.வில், அதாவது தலைமைத் தபால் ஆபீஸில், பல வருஷம் கவுண்டரில் உட்கார்ந்தவள். சிஷோம் என்கிற வெள்ளைக்காரர் வரைந்து 1884இல் திறந்த சிவப்புக் கட்டடம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற கூரை, மே மாதத்தில்கூட மத்தியானம் வரைக்கும் தாக்குப்பிடிக்கிற ஹால். என் வீட்டுக்காரர் மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடத்தில் வேலை பார்த்தவர். 1959இல் திறந்தபோது இந்தியாவிலேயே உசத்தி அதுதான். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் 'உன் ஆபீஸா, என் ஆபீஸா' சண்டை உண்டு. அவர் கட்டடம் 1975இல் தீப்பிடித்தது, என் கட்டடம் 2000இல். அந்த விஷயத்தில் மட்டும் டிரா.

குடியிருந்ததோ திருவல்லிக்கேணியில், பார்த்தசாரதி கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில், ஒரு பழைய வீட்டின் பின்பக்க போர்ஷனில், இருபத்தெட்டு வருஷம். ஹவுஸ் ஓனர் இடத்தை விற்றுவிட்டார். மகனுக்கு சிறுசேரியில் வேலை. அப்படித்தான் 2023 ஜூனில் இந்த பதினேழாவது மாடிக்கு வந்தோம். ஆக, நான் சொல்வது ஒரு வீட்டை இன்னொரு வீட்டோடு ஒப்பிட்டுத்தான். வேறு எப்படிச் சொல்ல முடியும்?

நல்லதை முதலில் சொல்கிறேன். கொசு இல்லை. கரப்பான் இல்லை. சாப்பாட்டுத் தட்டில் கூரையிலிருந்து சுண்ணாம்புப் பொடி விழுவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு கொல்லைக் கோடி கழிவறைக்குப் போக வேண்டியதில்லை. பழைய வீடுகளின் அழகைப் பற்றி உருகுகிறவர்கள் யாரும் இந்தக் கடைசி விஷயத்தை எழுதுவதே இல்லை. அறுபது வயசு முழங்காலோடு மழைக்கால ராத்திரியில் அந்த நடையை நடந்து பார்த்துவிட்டு உருகட்டும்.

காட்சி உண்மையாகவே பெரிசு. கிழக்கே பால்கனியில் நின்றால் கடல். வடமேற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம். பேரனின் பைனாகுலரில் பார்த்தால், பருவத்தில், தண்ணீரின் மேல் வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு கோடு தெரியும். பூநாரைகள். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம். அதைச் சுற்றி எங்களைப் போன்றவர்களுக்காக எழும்பி நிற்கிற கட்டடங்களையும் அதே பைனாகுலரில் பார்க்கலாம். அதைப் பற்றி வாடகைக்கு இருக்கிற நான் பேசுவது அழகில்லை.

கடல்காற்று மத்தியானம் திரும்பும்போது கிழக்குப் பக்கம் சொர்க்கம். பிரச்னை மேற்கில்.

மேற்குப் பக்க பெட்ரூமில் தரையிலிருந்து கூரை வரைக்கும் கண்ணாடி. மேலே சன்ஷேடு கிடையாது. ஒரு ஜாண்கூட. வெளியிலிருந்து பார்க்க வழவழவென்று இருக்க வேண்டுமாம். இந்த ஊரில் ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு வைக்காத மேஸ்திரிக்கு என் அப்பா காலத்தில் கூலி கிடைத்திருக்காது. மூன்று மணிக்கு அந்த அறைக்குள் போனால் இட்லிப் பானையைத் திறந்த மாதிரி இருக்கும். முதல் ஏப்ரலில் கரண்ட் பில் பார்த்து இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். இப்போது கண்ணாடிக்கு உள்ளே கனமான திரை, திரைக்குப் பின்னால் அட்டை. பார்ப்பதற்காக வைத்த கண்ணாடியை மூடுவதற்குத் தனியாகச் செலவு செய்திருக்கிறோம்.

திருவல்லிக்கேணி வீட்டில் இருந்தது மெட்ராஸ் டெரஸ். பார்க்காதவர்களுக்காக: வரிசையாகத் தேக்கு உத்தரங்கள், அவற்றின் மேல் சின்னச் சின்னச் செங்கற்களைச் சாய்வாக, செங்குத்தாக நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்பு பூசுவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம், எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. சுண்ணாம்புக் கலவையில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பார்கள். கனமான கூரை, வெயில் உள்ளே இறங்குவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். நடுவில் முற்றம், சூடான காற்று அது வழியாக மேலே போய்விடும். மின்விசிறி இரண்டாம் நம்பரில் ஓடினால் போதும்.

"ஆனா ஒழுகிச்சே" என்று இவர் உடனே சொல்வார். ஒழுகியது, ஒப்புக்கொள்கிறேன். அரசஞ்செடி முளைத்து, விரிசல் விட்டு, ஐப்பசி கார்த்திகையில் ஏழு இடத்தில் பாத்திரம் வைத்திருக்கிறேன். ஹவுஸ் ஓனர் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆளைத் தேடி அலுத்துப்போய், சிமெண்ட் கலவையை மேலே ஊற்றிவிட்டார். அதுதான் வினை. மூச்சு விடுகிற சுண்ணாம்பின் மேல் மூச்சு விடாத சிமெண்ட். ஈரம் உள்ளேயே தங்கி உத்தரத்தின் முனை உளுத்தது. கூரை பழசாகி விழவில்லை, வைத்தியம் பார்த்தே விழுந்தது.

இந்த இடத்தில் இவர் ஒரு நியாயமான அடி கொடுப்பார். "உனக்கென்ன, வாடகைக்கு இருந்தவ. செலவு பண்ணினது ஓனர்தானே?" உண்மைதான். ஒரு கிரவுண்ட் இடம், 2,400 சதுர அடி. 2019 கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது அதே மண்ணில் 4,800 சதுர அடி எழுப்பலாம். 18.30 மீட்டருக்கு மேல் போகிற உயரக் கட்டடத்துக்கு 3.25. முற்றத்துக்கு வானத்தைக் காட்டிக்கொண்டு சும்மா இருக்கிற ஒரு வீட்டை வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கில் என்ன மரியாதை? பில்டர் வந்து பேசியபோது அவர் வீட்டுக்கு விலை பேசவில்லை, இடத்துக்குத்தான் பேசினார். வீட்டை இடிக்கிற செலவைக் கழித்துக்கொண்டாராம். ஓனர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் மூன்று பிள்ளைகள்.

பழைய கட்டடங்களை இடிக்கிறது சட்டம் போட்டால் மட்டும் நின்றுவிடுமா என்றும் தெரியவில்லை. மவுண்ட் ரோட்டில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் நினைவிருக்கிறதா? 1897இல் கட்டிய சிவப்புக் கோபுரக் கட்டடம். 2006இல் இடிக்கத் தொடங்கியபோது பழைய கட்டடங்களைப் பாதுகாக்கப் பாடுபடுகிற இன்டாக் அமைப்பு கோர்ட்டுக்குப் போய் நிறுத்தியது. நின்றது சரி. அப்புறம் வருஷக்கணக்கில் செடி முளைத்து, கண்ணாடி உடைந்து, தட்டி வைத்து மறைத்தபடி நின்றுகொண்டே இருந்தது. பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான் "காப்பாத்திட்டாங்க பாருங்க" என்பேன். இவர் "இதுக்குப் பேரு காப்பாத்தறதா?" என்பார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்ததில்லை.

சரி, வீட்டுக்கு வருகிறேன். அளவு: விளம்பரத்தில் 1,540 சதுர அடி என்று இருந்தது. மகன் டேப் வைத்து அளந்தான், சுவருக்குள்ளே 1,080. மீதி லிஃப்ட், வராந்தா, ஜிம் எல்லாவற்றிலும் எங்கள் பங்காம். மெயின்டனன்ஸ் மட்டும் 1,540க்குக் கணக்கு. நான் ஜிம்முக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன், பேரனைத் தேடிக்கொண்டு.

தண்ணீர்: டேங்கர் லாரிதான். விடிகாலையில் வரிசையாக வந்து நிற்கும், அந்த ரிவர்ஸ் பீப் சத்தத்தில் அலாரமே தேவையில்லை. திருவல்லிக்கேணியில் கிணறு இருந்தது. 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று வந்தபோது, முற்றத்தில் விழுகிற தண்ணீரை ஒரு குழாய் போட்டு கிணற்றடி மணல் தொட்டிக்குத் திருப்பினார்கள். ஒரே நாள் வேலை, அந்த வீட்டுக்கு வானம் ஏற்கனவே திறந்திருந்ததால்.

மிக்ஜாம் புயல் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 2023 டிசம்பர், நாங்கள் குடிவந்து ஆறு மாசம். கீழே பேஸ்மெண்டில் தண்ணீர் ஏறிவிட்டது. கரண்ட் போனது. ஜெனரேட்டர் முதல் நாள் ஓடியது, அப்புறம் டீசல் கொண்டுவர வண்டி வரமுடியவில்லை. லிஃப்ட் நின்றது, மோட்டார் நின்றது, குழாயும் நின்றது. ஒரு மாடிக்கு இருபது படி. பதினேழுக்கு 340. மகன் ஒரு நாளைக்கு இரண்டு தடவை வாளியோடு ஏறினான். நானும் இவரும் மூன்று நாள் இறங்கவே இல்லை. இருட்டில் பால்கனியில் உட்கார்ந்து, சுற்றிலும் தண்ணீராய்க் கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தோம். காட்சி என்னவோ அப்போதும் பிரமாதம்தான். திருவல்லிக்கேணியில் மழை அடித்தால் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும், ஆனால் திண்ணை உயரத்தைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. வந்திருந்தாலும் காலால் வெளியே போய்விடலாம்.

இதெல்லாம் மாடிக் கட்டடம் என்பதாலேயே வந்த குறைகளா என்றால், இல்லை. இங்கேதான் நான் இவரிடம் தோற்றேன். போன வருஷம் ஒரு வேலையாக மவுண்ட் ரோடு போனபோது எல்.ஐ.சி. எதிர்ப்பக்கம் நின்று காட்டினார். "நல்லா பாரு. கண்ணாடி தெரியுதா?" அத்தனை வருஷம் பஸ்ஸிலிருந்து பார்த்த கட்டடத்தை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். முகப்பு முழுக்கச் செங்குத்தான பட்டைகள், ஜன்னல்கள் அவற்றுக்கு நடுவே உள்ளடங்கி நிற்கின்றன. வெயில் நேராக முகத்தில் அடிக்காமல் பட்டையின் நிழல் ஜன்னல் மேல் விழுகிறது. என் ஜி.பி.ஓ. வராந்தாவை வைத்துச் செய்த வேலையை இது கான்கிரீட்டில் செய்கிறது. எழுபத்தைந்து வருஷ இடைவெளி, ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை, ஒன்றில் கோபுரம், ஒன்றில் கோடு. வெயில் விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே புத்தி. எங்கள் ஓ.எம்.ஆர். கண்ணாடிக்குத்தான் அது இல்லை. அதற்குப் புத்தி தேவைப்படவில்லை, ஏ.சி. இருக்கிறது.

கடைசியாக ஒரு குறை. சின்னது என்று அசோசியேஷனில் சொன்னார்கள், எனக்கு அதுதான் பெரிசு. எங்கள் கேட்டில் நிழல் இல்லை. செக்யூரிட்டிக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு உண்டு. சாப்பாடு கொண்டுவருகிற பையன்கள், கூரியர்காரர், வேலைக்கு வருகிற பெண்கள், எல்லோரும் செயலியில் அனுமதி வருகிற வரைக்கும் வெயிலில் நிற்க வேண்டும். நான் போஸ்ட் ஆபீஸ்காரி, எனக்குத் தபால்காரர் நிற்பதைப் பார்த்தால் பொறுக்காது. திருவல்லிக்கேணி வீட்டுத் திண்ணை எங்களுக்காகக் கட்டியதே இல்லை. கீரைக்காரம்மா கூடையை இறக்குவாள். பிரம்மோற்சவத்துக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கால் நீட்டுவார்கள். மேன்ஷன் பையன்கள் பேப்பர் படிப்பார்கள். யாரையும் யார் என்று கேட்டதில்லை. (ஒருத்தர் வெற்றிலை துப்பிவிட்டுப் போவார், அவரை மட்டும் கேட்டிருக்கிறேன்.)

அசோசியேஷன் மீட்டிங்கில் கேட் ஓரமாக ஒரு திண்ணையும் மேலே ஒரு கூரையும் கேட்டேன். "ஆன்ட்டி, அது செக்யூரிட்டி ரிஸ்க்" என்றார் ஒரு தம்பி. எட்டு மாசம் விடாமல் கேட்டேன். இப்போது ஒரு கிரானைட் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். கூரை இல்லை. மத்தியானம் அதில் தோசை சுடலாம். கூரை வந்தால் இந்த மதிப்பீட்டில் அரை ஸ்டார் கூட்டுகிறேன், எழுதித் தருகிறேன்.

வாடகைக்குப் பார்க்க வருகிறவர்களுக்கு: காலையில் வராதீர்கள், மூன்று மணிக்கு வந்து மேற்கு அறையில் பத்து நிமிஷம் நில்லுங்கள். டேப் கொண்டுவாருங்கள். டீசல் எத்தனை மணி நேரத்துக்கு இருப்பு வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். முழங்கால் வலி இருந்தால் ஐந்தாவது மாடிக்கு மேல் வேண்டாம், ஆனால் கொசு கிடைக்கும்.

நாங்கள் காலி செய்யவில்லை. அக்ரிமெண்ட் புதுப்பித்தாகிவிட்டது. இவருக்கு இந்த உயரம் பிடித்துப்போய்விட்டது. மழை விட்ட காலைகளில் காபியோடு பால்கனி வடக்கு மூலைக்குப் போய், பேரனின் பைனாகுலரை வாங்கி, "அதோ பாரு, எல்.ஐ.சி. தெரியுது" என்கிறார். அது ஓ.எம்.ஆர். மெட்ரோ வேலைக்கு நிறுத்தியிருக்கிற கிரேன்.