குன்னூரில் உட்கார்ந்து மைல் சேர்த்தேன்: நான்கு ஆண்டுக் கணக்கு

டெல்லியில் வேலை பார்க்கும் மகளைக் காசில்லாமல் போய்ப் பார்த்துவரலாம் என்ற நப்பாசையில்தான் விமான மைல் தரும் கிரெடிட் கார்டை வாங்கினேன். மைல் என்பது செலவுக்கு வங்கி தரும் புள்ளி. அதை விமான நிறுவனத்துக்கு மாற்றி டிக்கெட் எடுக்கலாம். 100 ரூபாய் செலவுக்கு 2 மைல். முதல் ஆண்டு இலவசம். அதன்பின் ஆண்டுக் கட்டணம் 1,500, ஜிஎஸ்டி சேர்த்து 1,770 ரூபாய்.

முதல் அடி பெட்ரோல் பங்கில் விழுந்தது. வாரம் தவறாமல் மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுகிறவனுக்கு அதுதான் பெரிய செலவு. அதற்கு மைல் கிடையாது. பொடி எழுத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் புத்தி.

அடுத்தது மார்க்கெட். காய்கறிக் கடையிலும் உரக்கடையிலும் கார்டு தேய்க்கும் இயந்திரம் இல்லை, கியூஆர் அட்டைதான் தொங்குகிறது. நம் நாட்டு அட்டை வலையமைப்பான ரூபேயின் கிரெடிட் கார்டை யுபிஐயுடன் இணைக்கலாம் என்று 2022இல் ரிசர்வ் வங்கி அனுமதித்தது எனக்கு வசதியாகப் போயிற்று. அதே வங்கியில் கட்டணமில்லாத ரூபே கார்டு ஒன்றும் வாங்கி, இரண்டின் புள்ளிகளையும் ஒரே கணக்கில் சேர்த்தேன். ஆனால் கடைக்காரர் வியாபாரக் கணக்கின் குறியீட்டை வைத்திருந்தால்தான் பணம் போகும். சொந்தக் கணக்கின் குறியீட்டை ஒட்டியிருந்தால் போகாது. கேரட் விற்கும் அக்காவிடம் இன்றும் ரொக்கம்தான்.

இப்படி வடிகட்டியபின் மைல் தரும் செலவு மாதம் சராசரி 15,000 ரூபாய், 300 மைல். நான்கு ஆண்டில் 14,400.

இதற்கிடையில் 2024 நவம்பரில் விஸ்தாரா விமான நிறுவனம் ஏர் இந்தியாவுடன் இணைந்தது. அதில் சேர்த்திருந்தவர்களின் புள்ளிகள் ஒன்றுக்கு ஒன்றாக மாறின என்றாலும், நான் அன்றே முடிவு செய்தேன்: டிக்கெட் எடுக்கும் நாள் வரை புள்ளி வங்கியிலேயே இருக்கட்டும். விமான நிறுவனத்துக்கு மாற்றினால் திரும்ப வராது. அதற்கும் விலை உண்டு. தீபாவளிக்கு ஓர் இருக்கையைப் பார்த்துவைத்து, புள்ளி போய்ச் சேர மூன்று நாள் காத்திருந்தேன். அதற்குள் இருக்கை போய்விட்டது. ஒரு வழியாக ஜனவரியில் கோவையிலிருந்து டெல்லிக்கு 12,000 மைலில் ஒரு வழி டிக்கெட் கிடைத்தது. வரிகளுக்கு 1,100 ரூபாய் கையிலிருந்து கட்டினேன். அன்றைய கட்டணம் 7,400. மிச்சம் 6,300, ஒரு மைலுக்கு 52 பைசா சொச்சம்.

மூன்று ஆண்டுக் கட்டணம் 5,310 போக 990 ரூபாய் லாபம் என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். பர்லியார் பக்கம் மண் சரிந்த அந்த ஐப்பசியை அவள்தான் நினைவுபடுத்தினாள். மின்சாரமும் டவரும் இல்லாமல் கெடு நாள் கடந்து ஐந்தாம் நாள்தான் பணம் கட்டினேன். மூன்று நாள் தாண்டினால் தாமதக் கட்டணம் போடலாம் என்பது விதி. அதைவிடக் கடித்தது வட்டி: முழுத் தொகையையும் கெடுவுக்குள் கட்டாவிட்டால் பொருள் வாங்கிய நாளிலிருந்தே ஓடுகிறது. எல்லாமாக 1,460 ரூபாய். ஆக 470 ரூபாய் நஷ்டம். பீளமேடு விமான நிலையத்துக்குப் போன வாடகைக் கார் இதில் சேரவில்லை.

இப்போது முழுத் தொகையும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போகும்படி செய்திருக்கிறேன். 2,400 மைல் மிச்சமிருக்கிறது. அடுத்த மாதம் ஆண்டுக் கட்டணம் வரும். அதைத் தள்ளுபடி செய்யச் சொல்லி எழுதியிருக்கிறேன். செய்யாவிட்டால் கத்தரிக்கோல் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது.