காப்பர்-டியோடு சில ஆண்டுகள்: ஒரு பிரசவ வார்டு நர்ஸின் அனுபவம்

முதல் பிள்ளைக்கும் இரண்டாவது பிள்ளைக்கும் நடுவில் ஒன்று, இரண்டாவதற்குப் பிறகு இன்னொன்று என்று கர்ப்பப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டியை (380ஏ வகை) இரண்டு முறை போட்டிருக்கிறேன். இப்போது உள்ளே இருப்பதற்கு எட்டாவது ஆண்டு நடக்கிறது. வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிரசவ வார்டு நர்ஸ் நான்.

கருத்தடை மாத்திரையை நான் யோசிக்கவே இல்லை. அதைத் தினமும் ஒரே நேரத்தில் விழுங்க வேண்டும். ஷிப்ட் மாறிக்கொண்டே இருப்பவளுக்கு ஒரே நேரம் ஏது? தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்ததும் இன்னொரு காரணம். காப்பர்-டியில் ஹார்மோன் கிடையாது. செம்புதான் வேலை செய்கிறது.

போடுவது சில நிமிட வேலை. அடிவயிற்றைச் சுருக்கென்று பிடித்தது, அவ்வளவுதான். முதல் நான்கைந்து மாதங்கள்தான் படுத்தின. மாதவிடாய் கூடுதலாக இரண்டு நாள் நீண்டது, போக்கும் அதிகம். நைட் டூட்டியில் தொடர்ந்து பிரசவம் வந்த இரவுகளில் இடுப்புக் கடுப்போடுதான் நின்றேன். "ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும்" என்று ஓ.பி.யில் ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிடுகிறோமே, அந்த "ஆரம்பம்" ஆறு மாதம்கூட நீளும் என்று சேர்த்துச் சொன்னால் பாதிப் பேர் பயந்து ஓடிவர மாட்டார்கள். பிறகு தானாக அடங்கியது. முதலாவதை எடுக்கும்போது அதன் நூலைப் பிடித்து இழுத்தார்கள், வந்துவிட்டது. சில மாதங்களிலேயே கரு தங்கியது. காப்பர்-டி நெஞ்சுக்கு ஏறிவிடும், அப்புறம் பிள்ளை நிற்காது என்றெல்லாம் குடியாத்தத்தில் என் புகுந்த வீட்டுப் பக்கம் இன்றைக்கும் பேசுகிறார்கள்.

அங்கே என் வயதுப் பெண்கள் வீட்டில் பீடி சுற்றுகிறார்கள், அல்லது வேன் ஏறி ஷூ கம்பெனிக்குப் போகிறார்கள். இரண்டாவது பிரசவத்தோடு கருத்தடை ஆபரேஷன் என்பது அவர்களிடம் பேச்சுக்கே இடமில்லாத முடிவு. தமிழ்நாடு முழுக்கவே மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தேர்ந்தெடுப்பது அதைத்தான். எங்கள் ஓய்வறையிலோ காப்பர்-டி, ஆணுறை என்று ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறவர்களே அதிகம். படிப்புதான் காரணம் என்று சில சிஸ்டர்கள் பெருமைப்படுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எனக்குப் போக்கு அதிகமானால் டூட்டி முடிந்து ஒரு மாடி இறங்கினால் டாக்டர் இருக்கிறார். என் ஓரகத்திக்கு அதே சந்தேகம் ஒரு நாள் கூலியையும் பஸ்ஸையும் ஓ.பி. வரிசையையும் கேட்கும். ஒரே தடவையில் முடிகிறதை அவள் தேர்ந்தெடுத்தது நல்ல கணக்கு.

அந்தக் கணக்கில் ஆண்கள் மட்டும் எங்கும் வருவதில்லை. ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷனான வாசக்டமி பெண்களின் ஆபரேஷனைவிட எளிது, வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. ஆனாலும் வார்டு பாய் முதல் சர்ஜன் வரை செய்துகொண்டதாக எனக்குத் தெரிந்து ஒருவருமில்லை.

எல்லாருக்கும் காப்பர்-டியைச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஏற்கெனவே பெரும்போக்கு, கடுமையான ரத்தசோகை, கர்ப்பப்பையின் உள்வடிவத்தை மாற்றும் கட்டி இருந்தால் டாக்டரிடம் பேசி வேறு வழி பாருங்கள். ரத்தம் குறைவான என் நாத்தனார் சாயா என்ற கருத்தடை மாத்திரைக்குப் போனாள்: முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா என்ற கருத்தடை ஊசியும் உண்டு, ஆனால் அதில் மாதவிடாய் ஒழுங்கு தவறும். பால்வினை நோய்க்கு ஆணுறைதான். காப்பர்-டி அதைத் தடுக்காது.

போட்ட தேதியும் வகையும் எழுதிய அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள். 380ஏ பத்து ஆண்டு இருக்கலாம், 375 என்ற வகை ஐந்து ஆண்டுதான். பக்கத்து வீட்டு அக்காவுக்கு எது உள்ளே இருக்கிறது என்றே தெரியாததால், ஐந்தாம் ஆண்டிலேயே எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதாயிற்று.